மயிலா, குரங்கா?

ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செய்தி தொடங்க இன்னும் பதினைந்து விநாடி இருக்கிறது என்று கடிகாரம் காட்டினால், அதை எதையாவது சொல்லி நிரப்பிவிடுவேன். அமைதி என்றால் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் பயம். சில மாதங்களுக்கு முன் அப்படி நிரப்பிய பதினைந்து விநாடியின் கதைதான் இந்த வாரம்.

அன்று ஒலித்தது மயிலைப் பற்றிய பாட்டு. முடிந்ததும் உற்சாகமாகச் சொன்னேன்: "உங்களுக்குத் தெரியுமா நேயர்களே, 3,000 வருசத்துக்கு முன்னாடியே சாலமோன் ராஜா கப்பல் அனுப்பித் தமிழ்நாட்டுல மயில் வாங்கினாரு. நம்ம தோகைங்கிற சொல்லு பைபிள்லயே இருக்கு. இது நிரூபிக்கப்பட்ட உண்மை!"

எங்கே படித்தேன் என்கிறீர்களா? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பெரியப்பா அனுப்பியது. யாருக்கோ யாரோ அனுப்பி, பல கை மாறி வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஓர் அம்மாவின் குரல் பதிவு வந்தது. மகன் படிவம் 3 படிக்கிறான். பேச்சுப் போட்டியில், நான் சொன்னதையே முத்தாய்ப்பாக வைத்துப் பேசியிருக்கிறான். நீதிபதிகளில் ஒருவர், "ஆதாரம் என்ன தம்பி?" என்று கேட்டிருக்கிறார். அவன், "ரேடியோவுல சொன்னாங்க சார்" என்றிருக்கிறான். மண்டபமே சிரித்திருக்கிறது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உங்க மேல கோபமில்லம்மா. அது எந்த வசனம், யாரு நிரூபிச்சாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவன் அந்த சாருக்கு எழுதணுங்கிறான்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான் ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள். ஒரு தகவலுக்கு இரண்டு மூலம் வேண்டும் என்பது எங்களுக்கு முதல் ஆண்டுப் பாடம்.

நான் தேவாலயத்துக்குப் போய் வளர்ந்தவளும் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது முருகன் படம்தான், மயிலோடு. நிலையத்தில் உடன் வேலை செய்யும் நண்பரிடம் கேட்டேன். "தங்காக்ல எங்க மாமா இருக்காரு. தமிழ்ப்பள்ளி வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சுல பிரசங்கமும் பண்ணுவாரு. போய்ப் பாரு" என்றார். ஒரு சனிக்கிழமை ஜொகூர் பாருவிலிருந்து காரை எடுத்தேன்.

வாத்தியார் வீட்டு வாசலில் நின்றால் குனோங் லேடாங் முழுசாகத் தெரிகிறது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "இதே கதைய நானும் பிரசங்கத்துல பல வருசம் சொல்லியிருக்கேம்மா. ஒரு நாள் உட்கார்ந்து படிச்சேன். அதுக்கப்புறம் சொல்ற விதத்த மாத்திக்கிட்டேன்." மேசையில் ஒரு தமிழ் வேதாகமம், ஒரு மலாய் அல்கிதாப், எபிரேய வரிகளுக்குக் கீழே பொருள் அச்சடித்த தடிமனான ஒரு புத்தகம் என வரிசையாக விரித்து வைத்தார்.

வசனம் 1 இராஜாக்கள் 10:22. அதே செய்தி 2 நாளாகமம் 9:21-இலும் வருகிறது. சாலமோனின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு எல்லாம் கொண்டுவரும். அந்தப் பட்டியலின் கடைசிப் பொருளில்தான் சிக்கல். எபிரேயத்தில் அது 'துக்கியீம்'. 'ஈம்' என்பது நம் 'கள்' மாதிரி பன்மை விகுதி; அதைக் கழற்றினால் 'துக்கி'. பழைய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் இந்த இரண்டு இடத்தைத் தவிர வேறெங்கும் அந்தச் சொல் கிடையாது. பல இடங்களில் வரும் சொல்லென்றால் ஒன்றை வைத்து இன்னொன்றைப் புரிந்துகொள்ளலாம். இது ஒரே பட்டியல், இரண்டு பிரதி. பறக்குமா, குதிக்குமா, வால் உண்டா, எதுவும் அதில் இல்லை.

தமிழ் வேதாகமத்தில் மயில்கள். மலாயில் 'பூரோங் மெராக்', அதாவது மயில். லத்தீனில் பெயர்த்த ஜெரோமும் மயில் என்றுதான் எழுதினார். ஆனால் இன்று பரவலாகப் படிக்கப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றில் அந்த இடத்தில் இருப்பது பபூன் குரங்கு! பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் முக்கியமான கையெழுத்துப் பிரதி ஒன்றில், இராஜாக்கள் புத்தகத்தின் இந்த வரியில் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை. செதுக்கிய கற்கள் இருக்கின்றன. இன்றைக்கு இஸ்ரேலில் ஒரு குழந்தையிடம் 'துக்கி' எது என்று கேட்டால் கிளியைக் காட்டும். மயிலுக்கு அவர்கள் சொல்வது 'தவாஸ்'.

"அப்போ நம்ம தோகை எங்க சார் போச்சு?" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"இருக்கு. சாட்சி மாதிரி நிக்குது, தீர்ப்பு மாதிரி இல்ல."

இதை முதலில் பெரிதாக எழுதியவர்களில் முக்கியமானவர் இடையன்குடி கால்டுவெல். 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், உலகின் எழுத்துப் பதிவுகளில் கிடைக்கும் மிகப் பழைய திராவிடச் சொல் அநேகமாக இந்த எபிரேய மயில்தான் என்றார். 'அநேகமாக' என்பதைக் கவனியுங்கள். அவர் போட்ட அந்த ஒரு சொல்தான் வாட்ஸ்அப்பில் கை மாறி மாறி வரும்போது எங்கோ விழுந்துவிட்டது. இன்று நமக்குத் தோகை என்றால் மயிலின் வால், அல்லது கரும்பின் இலை. பழைய தமிழில் தோகை என்றாலே மயில் என்றும் பொருள் உண்டு. உறுப்பின் பெயர் முழுசுக்கும் ஆகிவரும் சினையாகுபெயர். எஸ்.பி.எம். தமிழுக்கு இலக்கணம் மனப்பாடம் செய்தபோது இது எருசலேம் வரை போகும் என்று யார் நினைத்தது.

தோகையில் 'ஓ' நெடில், துக்கியில் 'உ' குறில், அதோடு 'க்' இரட்டிக்கிறது. எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். எபிரேயத்தை முதலில் மெய்யெழுத்துகளாகவே எழுதினார்கள். உயிர்க்குறிகளையும், மெய் இரட்டிப்பதைக் காட்டும் புள்ளியையும் யூத அறிஞர்கள் சேர்த்தது கிறிஸ்துவுக்குப் பின் பல நூற்றாண்டு கழித்து. அதாவது 'துக்கி' என்ற உச்சரிப்பே பிற்காலத்தில் குறித்து வைத்தது. ஆகவே அந்த உயிரொலி வேறுபாட்டை மட்டும் வைத்துத் தோகையைத் தள்ளிவிட முடியாது. அதே காரணத்தால், ஒலி பொருந்துகிறது என்று மார்தட்டவும் முடியாது. நல்லதாய் ஒரு வாதம் கிடைத்தது என்று நினைத்தேன், இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

எதிர்த்தரப்புக்கும் பலமான ஆள் உண்டு. ஆல்பிரைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தச் சொல்லை எகிப்திய மொழியில் ஒருவகைக் குரங்கைக் குறிக்கும் சொல்லோடு இணைத்தார். பபூன் வந்தது அந்த வழியாகத்தான். பட்டியலில் அதற்கு முன்னால் இருக்கும் 'கோஃப்', குரங்கு. அதைச் சமஸ்கிருதத்தின் 'கபி'யோடு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எகிப்தியச் சொல்லோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கப்பல் இந்தியாவுக்குப் போனது என்றால் மயில். செங்கடல் வழியாக ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது என்றால் பபூன்.

இங்கேதான் என் தலை சுற்றியது. கப்பல் இந்தியாவுக்குப் போனது என்பதற்கு என்ன ஆதாரம்? மயில் வந்ததே! வந்தது மயில்தான் என்பதற்கு? கப்பல் இந்தியாவுக்குப் போனதே! இரண்டு சாட்சிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். ஒருவரை நகர்த்தினால் மற்றவரும் விழுவார்.

சரி, கப்பல் போன ஊரின் பெயர் இல்லையா என்றால், அதே அதிகாரத்தில் ஓபீர் என்று ஒரு பெயர் வருகிறது, தங்கம் வந்த இடம். 1946-இல் டெல் அவிவ் அருகே டெல் காசிலே என்னும் மேட்டில் ஒரு பானை ஓடு கிடைத்தது. ஓபீர் தங்கம், 30 சேக்கல் என்று அதில் எழுதியிருந்தது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். ஆக, ஓபீர் தங்கம் என்று ஒன்று கணக்கில் எழுதும் அளவுக்குப் புழங்கியிருக்கிறது. ஓபீர் எங்கே என்பதுதான் கேள்வி. அரேபியா என்கிறார்கள், ஆப்பிரிக்கா என்கிறார்கள், மும்பைக்கு வடக்கே உள்ள சோப்பாரா என்கிறார்கள்.

வாத்தியார் விரலை நீட்டி வாசலைக் காட்டினார். "அதுவும் ஓபீர்தான்."

உண்மைதான். 1,276 மீட்டர் உயரமுள்ள நம் லேடாங் மலைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் மவுண்ட் ஓபீர். இந்தப் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் சாலமோன் ஞாபகம் வந்துவிட்டது அவர்களுக்கு. பள்ளிப் பயணத்தில் அந்த மலையடிவார அருவியில் குளித்திருக்கிறேன், புத்ரி குனோங் லேடாங் கதையைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன், அதற்கு இப்படி ஒரு வேதாகமப் பெயர் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. பெயர் வைத்ததால் அது ஓபீர் ஆகிவிடாது. எங்கள் பெரியப்பா செய்ததையே அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் வரைபடத்தில் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1854-இல் இயற்கை ஆய்வாளர் வாலஸ் இந்த மலையில் ஏறினார். மயில் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்கஸ் என்ற பெரிய காட்டுப் பறவையின் குரல் விடாமல் கேட்டதாம். ஒன்றைச் சுட்டுத் தரும்படி முதிய வேட்டைக்காரர் ஒருவரைக் கேட்டார். அவரோ 20 வருஷமாக இந்தக் காடுகளில் பறவை வேட்டையாடியும் ஒன்றைக்கூடச் சுட்டதில்லை, பிடிபட்ட பிறகு பார்த்ததைத் தவிர உயிரோடு காட்டில் பார்த்ததே இல்லை என்றாராம். குரல் கேட்கிறது, ஆளைக் காணோம். துக்கியும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"மயில விடும்மா. உனக்கு நான் வேற ஒன்னு காட்டறேன்" என்று வாத்தியார் சங்கீதம் 45-ஐத் திருப்பினார். 8-ஆம் வசனத்தில் ராஜாவின் உடைகளில் வீசும் வாசனைகள் வரிசையாக வருகின்றன. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் நடுவில் இருப்பது சந்தனம். எபிரேயத்தில் 'அஹாலோத்'.

"சத்தமா ரெண்டு தடவை சொல்லிப் பாரு."

அஹாலோத். அஹால். அகில்!

கால்டுவெல் இதையும் குறித்திருக்கிறார். கிரேக்கத்தில் அகாலோக்கோன், சமஸ்கிருதத்தில் அகுரு, மலாயில் கஹாரு. வாசனைக் கட்டை ஒன்று ஊர் ஊராகப் போனதில் பெயரும் கூடவே போயிருக்கிறது. எந்த மொழி எதனிடம் வாங்கியது என்பதில் சண்டை உண்டு. தமிழ்தான் ஊற்று என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள், ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் ஒரே குடும்பம் என்பதை மறுப்பவர் குறைவு. போர்த்துக்கீசியர் காதில் இது 'ஆகிலா' என்று விழுந்தது. அது கழுகின் பெயர்போல ஒலித்ததால் ஆங்கிலத்தில் கழுகுக் கட்டை என்றே ஆகிவிட்டது. மரத்துக்கும் கழுகுக்கும் சம்பந்தமே இல்லை. காதில் தவறாக விழுந்ததைப் பரப்புவது வானொலிக்காரர்கள் கண்டுபிடித்த வேலை இல்லை என்று எனக்குச் சின்ன ஆறுதல்.

இப்போது வாத்தியார் மலாய் அல்கிதாப்பை என் பக்கம் தள்ளினார். அதே சங்கீதம். அங்கே 'கஹாரு' என்று அப்படியே இருக்கிறது! எண்ணாகமம் 24:6-இலும் தமிழில் சந்தன மரங்கள், மலாயில் கஹாரு மரங்கள். ஒருவேளை தமிழிலிருந்தே புறப்பட்டிருக்கக்கூடிய ஒரு சொல், எபிரேயத்தில் ஏறி உட்கார்ந்து, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து வேதாகமத்தோடு தமிழ் வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது, நாம் அதைச் சந்தனம் என்று அழைத்து உள்ளே விட்டோம். அயல்வீட்டு மலாய்க்காரர் அடையாளம் கண்டுகொண்டார். அகிலையும் சந்தனத்தையும் சேர்த்து மலாயில் ஒரு பழமொழி உண்டு. தெரிந்துகொண்டே கேட்பவரைக் கிண்டல் செய்ய அதைச் சொல்வார்கள். நம் கதையில் தெரிந்திருக்க வேண்டியவர்கள் கேட்கவே இல்லை.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பப்ரிசியஸ், 19-ஆம் நூற்றாண்டில் பவர் தலைமையிலான குழு, எல்லாரும் அகராதி தேய உழைத்தவர்கள். வாசனை என்றதும் தமிழ் வீட்டுக்குச் சந்தனம்தான் நினைவுக்கு வரும் என்று எண்ணியிருக்கலாம். யோவான் 19:39-இல் இயேசுவின் உடலுக்கு நிக்கொதேமு கொண்டுவரும் வாசனைப் பொருளுக்குக் கிரேக்கத்தில் இருப்பது அலோயே. அங்கே தமிழ் கரியபோளம் என்கிறது. ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பில் சங்கீதத்திலும் யோவானிலும் ஒரே சொல். தமிழில் ஒன்று சந்தனம், மற்றொன்று கரியபோளம். நானாக இருந்தால் அகில் என்றே போட்டிருப்பேன். இப்படிச் சொல்வது இன்று சுலபம், தெரியும்.

எண்ணாகமத்தில் இன்னொரு வேடிக்கை. உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் அகில் மரங்களும் கூடாரங்களும் எபிரேயத்தில் ஒரே எழுத்துகள். முந்தைய வசனம் யாக்கோபின் கூடாரங்களைப் பாடுகிறது. அதைப் பார்த்த கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அடுத்த வசனத்திலும் கர்த்தர் அமைத்த கூடாரங்கள் என்றே படித்துவிட்டார்கள். அகில் மரம் அந்தப் பாலைவனப் பக்கம் வளர்வதில்லை என்பதால், அவர்கள் படித்ததே சரியோ என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

வளர்வது எங்கே? இங்கே. மலாய்க்காரர்கள் காராஸ் என்று சொல்லும் மரம். அறிவியல் பெயரிலேயே மலாக்கா இருக்கிறது, அக்குவிலேரியா மலாக்கென்சிஸ். நல்ல நிலையில் உள்ள மரத்தின் கட்டை வெளிறி, மணமில்லாமல் இருக்கும். காயம்பட்டுப் பூஞ்சை ஏறினால், அதை எதிர்க்க மரம் சுரக்கும் பிசின் ஊறித்தான் கட்டை கறுத்து மணக்கும். அந்தக் கறுப்புக்காகவே வெட்டி வெட்டி, இப்போது அது அழிவின் விளிம்பிலுள்ள மரங்கள் பட்டியலில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கீழ்க்காற்றோடு கப்பலில் வந்து இறங்கும் சரக்குகளில் அகில் உண்டு. அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அகிலின் வகைகளைச் சொல்லும்போது கிடாரவன் என்று ஒன்றைக் குறிக்கிறார். கிடாரம் என்றால் கடாரம், நம்ம கெடா. சரக்கு இங்கிருந்து தமிழகம் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் இன்னும் தேடினேன். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாயிம் ராபின், பழைய ஏற்பாட்டு எபிரேயத்தில் உள்ள கடன்சொற்களை வைத்துத் தமிழகத்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் இருந்த வணிகத்தைப் பற்றி 1968 சென்னை உலகத் தமிழ் மாநாட்டுக்குக் கட்டுரை தந்திருக்கிறார். அது இரண்டாவது மாநாடு. முதல் மாநாடு 1966-இல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தனிநாயக அடிகளாரின் முயற்சியில். மூலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. நான் பெரியப்பாவிடம் வாங்கினேன்.

திருத்தம் சொல்லவேண்டும் என்றதும் நிலையத்தில் ஒருவர், "விடு, யாருக்கு ஞாபகம் இருக்கும்? நேயர்கள் நம்ம மேல வச்சிருக்கிற நம்பிக்கைதான் போகும்" என்றார். ஒருவனுக்கு ஞாபகம் இருக்கிறதே. திங்கட்கிழமை, அதே நேரம், அதே பாட்டைப் போட்டேன். முடிந்ததும், "அன்னைக்கு நிரூபிக்கப்பட்ட உண்மைன்னு சொன்னேன். தப்பு. பெரிய அறிஞர்கள் சொன்ன ஒரு நல்ல ஊகம் அது. எதிர்க்கருத்தும் இருக்கு. சரியா விசாரிக்காம சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றேன். சரியாகப் பதினைந்து விநாடி. பெருமையாகச் சொன்னது ஊரெல்லாம் சுற்றியது. இதை எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

மாலையில் அந்த அம்மாவின் எண்ணுக்கு அழைத்தேன். பையனிடம் கொடுத்தார். வசனம், கால்டுவெல், ஆல்பிரைட், ராபின், எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன், எழுதிக்கொண்டான். பேனா உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.

"அப்போ கடைசியில மயிலா, குரங்கா அக்கா?"

"மயிலா இருக்க வாய்ப்பு இருக்குடா. உறுதியாச் சொல்ல முடியாது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த சார்கிட்ட மயில் மட்டும் சொல்லாம ரெண்டு பக்கமும் எழுதிடறேன்" என்றான். உடனே, "அக்கா, அந்த மலாய் பைபிள் வரி எந்த அதிகாரம்னீங்க? அடுத்த வருசப் போட்டிக்கு அகில் பத்திப் பேசறேன். எங்க பள்ளி பின்னாடியே ஒரு காராஸ் மரம் இருக்கு."